ஒரு புகார்கூட இல்லை

பல் தந்தியடிக்கும் அளவுக்கு ஏ.சி. ஓடும் கட்டுப்பாட்டு அறையில், மின்சாரத்தை மிச்சப்படுத்தியதற்காகக் கேக் வெட்டுகிறார்கள். சுவர்த்திரையில் செல்போன் கோபுரங்கள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறுகின்றன. பேசுகிறவர்கள் குறைந்த பகலில் கோபுரம் தன் சக்தியைத் தானே தணித்துக்கொண்டால் பச்சை. கோபுரத்துக்குத் தூரமாய் ஓரத்தில் இருக்கும் வீடுகளுக்கு அப்புறம் சிக்னல் எட்டாது என்று அங்கே வேலை செய்யும் பொறியாளர் ஒருத்தி தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்துவிட்டாள். "எட்டலைன்னா கத்தியிருப்பாங்களேம்மா," என்கிறார் மேலாளர், கத்தியில் ஒட்டிய கிரீமை விரலால் வழித்தபடி. "அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு புகார்கூட வரலையே!" எதில் பேசிப் புகார் சொல்வார்கள்? அவளுக்குக் காது மடல் கொதிக்கிறது. கையிலிருக்கும் போன் அதிர்கிறது. அக்கா, ஓரத்து வீட்டுக்காரி. "கேக்குதாடி? மொட்டைமாடியில நின்னு... அம்மா விழுந்து... ஆம்புலன்சுக்கு லைனே..." குரல் நூல் நூலாகப் பிய்ந்து அறுகிறது. திரையில் மிச்சக் கணக்கு கொஞ்சம் ஏற, யாரோ கைதட்டுகிறார்கள். அவள் மேலாளரின் நாற்காலியில் போய் உட்கார்ந்து, அக்கா வீட்டுப் பக்கத்துக் கோபுரம் ஒன்றின் சக்தியை மட்டும் உச்சத்துக்கு ஏற்றுகிறாள். பச்சைகளுக்கு நடுவே ஒரு சிவப்பு எரிகிறது. "ஐயோ, அதைத் தொடாதீங்க!" என்று மேலாளர் ஓடி வருகிறார். "புகார் வந்துடுச்சு சார், எழுதிக்குங்க," என்கிறாள், அக்காவின் எண்ணை மறுபடி அழுத்திக்கொண்டே.