டிரம்ஸுக்கு ஒரு ஸ்டுடியோ

வந்தவரின் சிவந்த கண்களைப் பார்த்ததுமே, ராக் டிரம்மர்தான் என்று முடிவு கட்டிவிட்டார் ஸ்டுடியோக்காரர்.

வந்தவரோ டிரம்ஸ் அறையின் மரத்தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுக் கண்மூடி நின்றார். ‘கலைஞன்யா!’ என்று சிலிர்த்துப்போனார் ஸ்டுடியோக்காரர்.

“இங்க டிரம்ஸ் அடிச்சா வெளிய கேக்குமா?”

“இடி விழுந்தாக்கூடக் கேக்காது சார்!”

“வெளிய அடிச்சா?”

“உள்ள துளி சத்தம் வராது.”

“அப்ப இந்த மாசம் முழுக்க எனக்கே குடுத்திடுங்க.”

“டிரம்ஸ் எப்ப வரும் சார்?”

“அது எதுக்கு? என் பையன் ஊர்ல இருக்கிற ஸ்டுடியோவையெல்லாம் சுத்திப் பாத்துட்டு, எங்க வீட்டு ஹால்லதான் சவுண்டு பிரமாதம்னு அங்கேயே டிரம்ஸ் ரெக்கார்டிங்க ஆரம்பிச்சுட்டான்.”

கதவைத் திறந்து, வாசலில் நின்ற மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

“இந்தா, இடம் கெடைச்சிருச்சு! தலகாணியெல்லாம் எடுத்துட்டு வா!”