ஆட்சேபம் உண்டா?

அண்டார்டிகக் கடலில் மீன்பிடிக்கத் தடை வருமா என்று ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகர மாநாட்டில் முடிவாகும் நாள். ஒரே ஒரு நாடு மறுத்தாலும் தீர்மானம் செத்துவிடும்.

"எவனோ ஒருத்தன் கெடுக்கப்போறானாம், இரேனா. முப்பது வருஷம் பனியில கிடந்து நீ எண்ணின பென்குயின் கணக்கெல்லாம் குப்பைக்குத்தான்," என்று புலம்பினார் டாஸ்மேனியா விஞ்ஞானி கிரேக்.

இரேனா தன் முன்னால் இருந்த மைக்கைச் சற்றுத் தள்ளிவைத்தார்.

"யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று தலைவர் கேட்டார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

கிரேக் துள்ளி எழுந்தார். "ஜெயிச்சுட்டோம்! ஆமா, மறுக்கறதா இருந்தது எந்த நாடு?"

"எங்க நாடுதான். மறுத்துப் பேசச் சொல்லி என்னைத்தான் அனுப்பினாங்க."

அமைச்சரின் அழைப்பில் கைபேசி அதிர்ந்தது. இரேனா நிமிர்ந்து உட்கார்ந்து அதை எடுத்தார்.

"சொல்லுங்க, சார்."