பக்க விளைவு

பாபநாசம் கடைவீதி மெடிக்கலில் வந்து நின்ற பிறகும் செம்மொழி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. ரோட்டில் பைக் ஒன்று மெதுவாகப் போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இமை முடி வளர சீரம் வேணும்க்கா.”

கடைக்காரி ஷமீரா இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தாள். “கண்ணாடியைக் கழட்டுங்க. பார்த்துட்டு எது சரிவரும்னு சொல்றேன்.”

தயங்கித் தயங்கிக் கழற்றினாள்.

“முடி அடர்த்தியாத்தானே இருக்கு? உங்களுக்கு இந்தச் சாதா சீரமே போதும். அந்த இன்னொண்ணு வேணாம். உங்களுக்குப் பூனைக்கண்ணு. அது உள்ள பட்டா சில பேருக்குக் கண்ணு கறுத்துப் போயிடும். அப்புறம் பழைய நிறம் திரும்பாது.”

செம்மொழி கவுண்டர் மேல் குனிந்தாள். “நிச்சயமா திரும்பாதா?”

“திரும்பாது. அதான் பயப்படாம இதை எடுத்துக்குங்க.”

“அந்த இன்னொண்ணையே குடுங்கக்கா. எத்தனை நாள்ல கறுக்கும்?”

ஷமீரா நிமிர்ந்து பார்த்தாள். “மாசக்கணக்கா ஆகும். எதுக்கும்மா?”

“வீட்டுக்குத் தெரியாம கல்யாணம் பண்ணிக்கிட்டேன். எங்கண்ணன் தேடிக்கிட்டு வர்றான். கெடைச்சா உயிரோட விடமாட்டான். கடை கடையா, பூனைக்கண்ணு பொண்ணைப் பார்த்தீங்களான்னுதான் கேக்குறானாம்.”

ஷமீரா இரண்டு பெட்டிகளையும் அலமாரியில் திருப்பி வைத்தாள். கவுண்டர் பலகையைத் தூக்கி அவளை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

“காலையில இங்கயும் ஒருத்தர் வந்து கேட்டாரு.”