விரல் நுனியில் வால்வு

புகை தள்ளும் பழைய காருக்கு வால்வு சீல் மாற்றிக்கொண்டிருந்தான் லூர்து. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டால் வால்வு எஞ்சினுக்குள் விழுந்துவிடும். அதனால் கம்ப்ரஸரிலிருந்து காற்றை ஏற்றித் தாங்க வைத்திருந்தான். ஸ்பிரிங் கைக்கு வந்த நேரம் பார்த்துப் பாழாய்ப்போன கரண்ட் போனது. காற்று சீறிக்கொண்டு இறங்க, வால்வின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டான். விழுந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டும்.

அப்போதுதான் மனைவி ஜெயராணி பெட்டியோடு ஷெட்டுக்கு வந்து வீட்டுச் சாவியை நீட்டினாள்.

"ரெண்டு மணி பஸ்ல எங்கம்மா வீட்டுக்குப் போறேன். இனிமே வர மாட்டேன்."

"இதக் கொஞ்சம் பிடி ராணி. நூல் எடுத்துக் கட்டிடுறேன்."

பதினோரு வருஷப் பழக்கம். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவன் விரலுக்கடியில் தன் விரலைக் கொடுத்தாள். அவன் ஷெட்டின் மூலைக்குப் போய் டப்பா டப்பாவாகத் துழாவினான்.

ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. எண்ணெயில் அவள் விரல் வழுக்கியது.

"விட்டுறவா?" என்றாள்.

சட்டைப்பையில் இருந்த நூல்கண்டை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், காலி டப்பாவை மறுபடி உருட்டினான் லூர்து.