கூடத்து மின்தட்டு

பனி அள்ளக் கிளம்பும்போது ஆர்விட் தன் போனைக் கூடத்து மேசையில் இருந்த கம்பியில்லாமல் சார்ஜ் ஏற்றும் மின்தட்டில் வைத்துவிட்டு, "வயரோட மல்லுக்கட்டுற வேலை மிச்சம். நெஞ்சுல இருக்குற பேஸ்மேக்கருக்கும் இப்படி ஒரு தட்டு வந்தா தேவலை" என்றார். வாசலில் விழுந்தவர் எழவே இல்லை. மூன்று வாரம் ஆகிறது. டுலூத் நகரத்துக் குளிர்காலத்தின் சாம்பல் வெளிச்சம் ஜன்னலில் கனத்துக் கிடக்கிறது. மகள் கிரெட்டா அந்தத் தட்டைக் கொண்டுவந்து அம்மா லோர்னாவின் கட்டிலருகே செருகுகிறாள். "தனியா இருக்க. விழுந்துட்டா போன் கைக்கு எட்ட வேண்டாமா?" லோர்னா முழங்காலை அழுத்திப் பிடித்து எழுந்து, அதைச் சுவரிலிருந்து கழற்றுகிறாள். "பக்கத்துல வெச்சா அப்பாவோட பேஸ்மேக்கருக்கு ஆகாது." கிரெட்டா தரையைப் பார்க்கிறாள். "டாக்டர் அரையடி தள்ளி வைங்கன்னுதாம்மா சொன்னார். நீதான் கூடத்துக்கே துரத்தின." "ஆமா, நான்தான்." லோர்னா சுவரைத் தொட்டுத் தொட்டு நடக்கிறாள். மேசையில் தட்டைச் செருகிப் போனை வைக்கிறாள். கோணலாக இருப்பதால் சார்ஜ் ஏறவில்லை. ஒரு விரலால் மெல்ல நகர்த்துகிறாள். பச்சை விளக்கு எரிகிறது. கட்டிலிலிருந்து அந்த மேசைக்கு இன்றும் பதினான்கு தப்படி.