முதல் வாய்

அடுக்குமாடியின் அந்தத் தளத்தில் எந்த வீட்டுக் குழாயைத் திறந்தாலும் அது வழக்கம்போல் அன்பாகப் பேசியது: "உங்கள் தளத்தில் யூதர்கள் வசிக்கிறார்கள். தண்ணீரைப் பார்த்துக் குடியுங்கள்."

ரூத் வீட்டுக் குழாயும் அதையேதான் சொன்னது. அந்தத் தளத்தில் இருந்த ஒரே யூதக் குடும்பம் அவளுடையதுதான்.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். "எங்க வீட்டுக் குழாய் ஒன்னப் பத்திக் கோள் சொல்லுதுடி," என்றாள் எதிர்வீட்டுக் கனகவல்லி. நாளாக நாளாகச் சிரிப்பு நின்றது. குழாயின் வாயை மட்டும் யாரும் அடைக்கவில்லை. போன வாரம் பக்கத்துக் கட்டடத்து யூதர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனபோது ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை.

இன்று மாலை கனகவல்லி எப்போதும்போல் உறைமோர் கேட்டுக் கிண்ணத்தோடு வந்தாள். ரூத் ஊற்றிக் கொடுத்தாள். கனகவல்லி நகரவில்லை.

"தப்பா நெனச்சுக்காத ரூத். ஒன்ன எனக்குத் தெரியாதா? இருந்தாலும் கொழந்தைங்க இருக்கிற வீடு. கையில கொஞ்சம் ஊத்திக் குடிச்சுக் காட்டிடேன்."

ரூத் உள்ளங்கையில் மோரை ஊற்றிக் குடித்தாள். அது இறங்கும்வரை கனகவல்லி அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிண்ணத்தைச் செருப்பு அலமாரிமேல் வைத்துவிட்டு, வெறுங்கையோடு போய்த் தன் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

ரூத் உள்ளே திரும்பினாள். குழாயடியில் ஐந்து வயது மகள் நவோமி தம்ளரோடு நின்றிருந்தாள். குழாய் பேசி முடித்திருந்தது. நவோமி வந்து, அம்மாவின் கையை விரித்து, அதில் தம்ளரைச் சாய்த்தாள்.

"மொதல்ல நீ குடிம்மா."

விளையாட்டு என்று எண்ணி ரூத் சிரிக்கப் பார்த்தாள். நவோமி அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.