முட்டிக்குள்ள வெள்ளைச் சிப்பி

இதில ஒரு சொல்லுப் பொய்யெண்டாலும் என்ட நாக்கில திருக்கை முள்ளுக் குத்தட்டும்.

வெள்ளைக்கார நேவி மூட்டை கட்டின வருசம். திருகோணமலைப் பக்கம் ஒரு கரை. அதில, கரையில நிண்டு இழுக்கிற கரைவலை ரெண்டே ரெண்டு. ஒண்டு பேணாட் எண்டவருட. மற்றது, புருசன் செத்த பிறகு மக்டலின் விடாப்பிடியா வைச்சிருந்த வலை.

பாடெண்டா வலையை ஒருக்கா வளைச்சு இழுக்கிறது. முதல் பாடு ஆர் வளைக்கினமோ அவைக்குத்தான் மீன். பிறகு வளைக்கிற ஆளுக்குப் பாசியும் நாலு நண்டும்.

அதால ஒவ்வொரு விடியலும் சிப்பி எடுக்கிறது வழக்கம். நேற்று முதல் பாடு வளைச்ச ஆள் மண் முட்டிக்குள்ள ஒரு வெள்ளைச் சிப்பி, ஒரு கறுப்புச் சிப்பி போடவேணும். மற்ற ஆள் பாக்காமக் கையை விட்டு எடுக்கவேணும். வெள்ளை வந்தா எடுத்த ஆளுக்கு முதல் பாடு.

மக்டலினுக்கு ஒரு கிழமையா, ஏழு நாளும் கறுப்பு.

"இண்டைக்கு வெள்ளைதான் அக்கா," எண்டான் தவராசா. அவளுட வலை இழுக்கிற பெடியளுக்கு அவன்தான் தலைவன். "இவ்வளவு நாள் தோத்தாச்சு. இனி வந்துதானே ஆகவேணும்."

மீன் வாங்க வந்த முஹம்மது தம்பி சிரிச்சார். "நீ நேற்றுத் தோத்தது சிப்பிக்குத் தெரியுமோடா? நேற்றும் பாதிக்குப் பாதி. இண்டைக்கும் பாதிக்குப் பாதி. நூறு நாள் தோத்துப்போட்டு வா, அப்பவும் அதே பாதிதான்."

"நீங்க சும்மா இருங்கோ முஹம்மது நானா. இண்டைக்கும் கறுப்பெண்டா பெடியள் பேணாட்டுட வலைக்குப் போறாங்களாம். நானும் எத்தினை நாள் மறிக்கிறது?"

மக்டலின் சீலைத் தலைப்பை இடுப்பில செருகினாள். "பாதியுமில்ல, காலுமில்ல. அந்தாள் ரெண்டும் கறுப்பாப் போடுது. இண்டைக்கு எடுத்த கையோட முட்டியைக் கவிழ்க்கிறன். மற்றதும் கறுப்பெண்டா கோயில் மணி அடிச்சு ஊரைக் கூட்டுறன்."

"பழி சொல்லாத தங்கச்சி. காசைச் சுண்டினாலும் சிலநேரம் தலை தலையாத்தான் விழும்."

"விழட்டும். நான் பாக்காம விடன்."

பக்கத்து வள்ளத்துக்குப் பின்னால இருந்து பேணாட் வந்தார். ஒருத்தருட முகத்தையும் பாக்கேல்ல. சிப்பியைப் போட்டுக் குலுக்கினார்.

"எடும்."

எடுத்தாள். வெள்ளை.

"பாத்தியளோ நானா, சிப்பிக்கு எல்லாம் தெரியும்," எண்டு கத்திக்கொண்டு தவராசா வள்ளத்துக்கு ஓடினான். பெடியளும் ஓடினாங்கள். முஹம்மது தம்பி தாடியைச் சொறிஞ்சுகொண்டு பின்னால போனார்.

மக்டலின் போகேல்ல. சொன்னாச் சொன்னதுதான். முட்டியைக் கவிழ்த்தாள்.

மற்றதும் வெள்ளை.

பேணாட் கடலைப் பாத்துக்கொண்டு நிண்டார். "கெதியாப் போம். மீன் நிக்காது."

அடுத்த நாள் சிப்பி போடுற முறை மக்டலினுக்கு. பேணாட் எடுத்தார். வெள்ளை. ஒருக்கா முட்டிக்குள்ள எட்டிப் பாத்தார். மற்றதும் வெள்ளை. முட்டியைக் கவிழ்க்காம வள்ளத்துக்கு நடந்தார்.

அதுக்குப் பிறகு ஒரு நாள் அவவுக்கு, ஒரு நாள் அவருக்கு. இண்டைக்குத் தோத்தா நாளைக்குக் கட்டாயம் வெல்லுமெண்டு கரை முழுக்கச் சத்தியம் பண்ணுது. முஹம்மது தம்பிதான் பாவம், பாதிக்குப் பாதியெண்டு சொல்லிச் சொல்லியே வாய் காஞ்சுபோனார்.

கதை சொல்லி எனக்கும் வாய் காஞ்சிட்டுது. ஆளுக்கொரு பிளேன்ரீ, கடிக்க ஒரு பணிஸ். கடையில கெதியா எடுங்கோ.